கடுகும் பூசணிக்காயும்: சிக்கனம் பற்றி நம் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கத்தில் இரண்டு மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு வரவு செலவு எழுதிக் கொடுக்கிறேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் சம்பளப் பில் எழுதிய கை. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கூட்டம் நடக்கும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முடிந்து சாயா வந்த பிறகுதான், "சாரே, ஒரு காரியம் கேக்கணும்" என்று ஒவ்வொருவராக நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போடுவார்கள். ரப்பர் வெட்டுகிற வீடு, கடலுக்குப் போகிற வீடு, கணவர் கல்ஃபில் இருக்கிற வீடு என்று ஆள் மாறும். கேள்விகள் அவ்வளவாக மாறுவதில்லை. அவற்றையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சிக்கனம் என்றால் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்வதா?

என் பெரியம்மாவின் கதையைச் சொல்கிறேன். முந்திரி ஆலையில், அதாவது நம் பேச்சில் அண்டியாபீசில், கொட்டை உடைத்து உடைத்து உள்ளங்கை கறுத்துப் போனவர். அவர் வீட்டில் மீன் மணக்காத நாள் கிடையாது. ஆனால் நெய்மீன் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார். சாளை, நெத்திலி, கொஞ்சம் கை தாராளமானால் அயலை. ஒவ்வொரு வருடமும் போனஸ் கவரைப் பிரிக்காமல் போஸ்டாபீசுக்குக் கொண்டுபோவார். பிரித்தால் அன்றைக்கே ஏதாவது தேவை முளைத்துவிடும் என்பார். வேலையை விட்டபோது அவர் பெயரில் 7 சென்ட் நிலம் இருந்தது, கடன் ஒரு பைசா இல்லை. கடைசி வரை மீன் தின்றார்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நாற்பது பக்க நோட்டிலிருந்து. இரண்டு மாதம் எதையும் குறைக்க வேண்டாம், வீட்டில் யாரையும் திட்டவும் வேண்டாம். போகிற காசை எழுதினால் போதும். போனில் எழுதினாலும் சரி. ஆனால் ஜிபே காட்டும் பட்டியலை நம்பி எழுதாமல் விட்டால், யாருக்குப் போனது என்றுதான் தெரியும், எதற்குப் போனது என்று தெரியாது.

'கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் ஆராயார்' என்று பழமொழி உண்டு. அது என் வீட்டைப் பார்த்தே சொன்னது போல இருக்கும். 2011-ல் நான் எழுதிய நோட்டு இன்னும் இருக்கிறது. இரண்டு மாதத்தில் வெளியே குடித்த சாயா, கடித்த வடை எல்லாம் சேர்த்து 640 ரூபாய். அதை வைத்து வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில், அடகு வைத்த நகைக்கும் தெரிந்தவரிடம் கைமாற்றாக வாங்கிய பணத்துக்கும் கட்டிய வட்டி: 6,000 ரூபாய். அந்தப் பக்கத்தைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேச்சு வரவில்லை. வட்டி என்பது மழை மாதிரி, அது பாட்டுக்கு வரும் என்று இருவருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே நோட்டை மூடுவதற்கு முன்னால் மூன்றே மூன்று பெரிய தொகைகளுக்குக் கீழே கோடு போடுங்கள். நம் மாவட்டத்தில் நான் பார்த்த நோட்டுகளில் அந்த மூன்றும் பெரும்பாலும் வட்டி, வீட்டுக் கட்டுமானம், கல்யாணம் சார்ந்ததாகவே இருக்கும். சாயாவை நிதானமாகக் குடியுங்கள்.

மிச்சம் பிடிக்கத்தான் செய்கிறோம். மாதக் கடைசியில் அந்த மிச்சம் எங்கே போகிறது?

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. குழுவில் ஒரு அக்கா கணக்குப் போட்டுப் பார்த்து, "மாசம் 800 ரூபாய் மிச்சம் சாரே" என்று சந்தோஷமாகச் சொன்னார். நல்லது, அந்த 800 இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் சிரித்துவிட்டார்.

மிச்சமான காசுக்கு ஒரு பெயர் வேண்டும், போய்ச் சேர ஒரு இடமும் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் வாரச் சந்தையிலேயே கரைந்துவிடும். அந்த அக்கா அடுத்த வாரமே அஞ்சலகத்தில் மாதம் 800 ரூபாய்க்கு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) தொடங்கினார். பாஸ்புக் அட்டையில் பேனாவால் 'மோள் நர்சிங்' என்று எழுதியிருக்கிறார். அஞ்சலக ஆர்.டி. 5 வருடக் கணக்கு. மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். 6.7 சதவீத வட்டி என்று வைத்தால், மாதம் 800 கட்டுகிறவர் 48,000 போட்டு ஏறக்குறைய 57,000 எடுப்பார். 3,000 கட்டினால் போட்டது 1,80,000, கையில் வருவது சுமார் 2,14,000. கணக்குத் தொடங்கி 3 வருடம் ஆகாமல் அதை மூட முடியாது. பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். மச்சினன் பைக் வாங்க ரொக்கம் கேட்டு வரும்போது இதைவிட நல்ல பதில் கிடையாது என்பது என் கருத்து.

10 வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தைப் பாருங்கள். வருடத்துக்குக் குறைந்தது 250, அதிகபட்சம் 1,50,000 கட்டலாம். 15 வருடம் கட்ட வேண்டும், 21 வருடத்தில் முதிரும். பிள்ளைக்கு 18 வயதானதும் படிப்புக்கு ஒரு பகுதியை எடுக்கலாம்.

இலக்கை எழுதும்போது மாதமும் வருடமும் போட்டு எழுதுங்கள். 'பிள்ளை படிப்பு' என்றால் அது ஆசை. '2031 ஜூன், 2 லட்சம்' என்றால் மாதம் எவ்வளவு என்று தானாக வந்துவிடும்.

மாதச் சம்பளம் இல்லை. ரப்பர் வெட்டும் கடல் வேலையும் நம்பி இருக்கிறோம். எங்களுக்கு எப்படி பட்ஜெட்?

பட்ஜெட் மிக அவசியமாகத் தேவைப்படுவதே உங்களுக்குத்தான். ஆனால் மாதக் கணக்குப் போட்டால் தோற்றுப்போவீர்கள். வருடக் கணக்குப் போடுங்கள்.

குலசேகரம், அருமனை பக்கம் யாரைக் கேட்டாலும் தெரியும். இலை உதிர்ந்த பிறகு பிப்ரவரி, மார்ச்சில் மரத்துக்கு ஓய்வு. ஜூனில் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை), அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. தமிழ்நாட்டில் இரண்டு மழையையும் நன்றாக வாங்கிக்கொள்ளும் மாவட்டம் நம்முடையது. தோட்டத்துக்கு அது வரம், பால் வெட்டுகிறவருக்கு வேலை இல்லாத காலை. கடலிலும் அதே கதைதான். விசைப்படகுக்கு 61 நாள் தடைக்காலம். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு தடைக்காலம்!

வருகிற ஓய்வு எந்த மாதம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தும் ஒவ்வொரு தடவையும் அது திடீரென்று வந்தது போலவே நாம் அடகுக் கடைக்கு ஓடுகிறோம். கணக்கு இப்படி: நல்ல மாதம் 8, மாதம் 30,000 வருகிறது. வருடத்துக்கு 2,40,000. அதை 12-ஆல் வகுத்தால் 20,000. உங்கள் உண்மையான மாத வருமானம் அதுதான். கையில் 30,000 இருக்கும்போதும் அதுதான். 18,000-க்குள் வீட்டை நடத்தினால் நல்ல மாதங்களில் 12,000 வீதம் 96,000 ஒதுங்கும். சும்மா இருக்கும் 4 மாதத்துக்கு 72,000 போக, மீதி 24,000. அந்த 24,000-ஐத்தான் சேமிப்பு என்று சொல்ல வேண்டும். 72,000 சேமிப்பு அல்ல, அது தள்ளிப் போட்ட சோறு. இரண்டையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள்.

மீனவர் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்கள், தங்கள் பங்கைக் கட்டினால் அரசு தன் பங்கையும் சேர்த்துத் திருப்பித் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டத்தை விடாதீர்கள். அரசு பங்கு சேர்க்கும்போது வேண்டாம் என்று சொல்ல நமக்கு என்ன வசதி?

சாப்பாட்டுச் செலவை எப்படிக் குறைப்பது?

குறைக்கலாம், ஆனால் இதில் பெரிய தொகை கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். இதைச் சொன்னால் பெண்கள் கோபப்படுகிறார்கள். சமையலறையில்தானே அவர்களுக்கு அதிகாரம் விட்டு வைத்திருக்கிறோம்.

நம் பழைய சாப்பாடே சிக்கனச் சாப்பாடுதான். கஞ்சியும் பயறும், மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும், சக்கை (பலா) காலத்தில் சக்கை அவியல், சக்கைக்கொட்டைப் பொரியல். இதையெல்லாம் இப்போது சுற்றுலா ஓட்டலில் தட்டுக்கு இத்தனை என்று விலை போட்டு விற்கிறார்கள், நாம் வீட்டில் பாக்கெட் நூடுல்ஸ் கிண்டுகிறோம். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், அரிசி இலவசம். அரிசி வாடை பிடிக்கவில்லை என்றால் தோசைக்குப் போடுங்கள். வீட்டில் நாலு தென்னை இருந்தால் காயை மொத்தமாக வியாபாரியிடம் கொடுத்துவிட்டுக் கடையில் எண்ணெய் வாங்குவதற்குப் பதில், கொப்பரை உலர்த்தி மில்லில் கொடுத்து ஆட்டிப் பாருங்கள். பத்து, பன்னிரண்டு காய்க்கு ஒரு லிட்டர் கிட்டத்தட்ட வரும்.

மீன் வாங்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு. எங்கள் ஜங்ஷனில் அலுமினியச் சருவத்தோடு உட்காரும் அக்கா காலை பத்து மணிக்கு 100 ரூபாய்க்கு ஒன்பது சாளை எண்ணி வைப்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு அதே 100-க்குப் பதினாறு. "மக்களே, எடுத்துட்டுப் போ, எனக்கு கடைசி பஸ் போயிரும்." ஐஸ் போட்ட மீன்தான், ஆனால் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்க வேண்டும். சிவப்பு இருந்தால் எடுக்கலாம், பழுப்பாக இருந்தால் பதினாறு என்ன, இருபது கொடுத்தாலும் வேண்டாம். வயிற்றுக்கு ஆகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆறு மாத மீன் காசு ஒரே நாளில் போய்விடும். தேங்காய் அரைத்து மண்சட்டியில் வைத்த சாளைக் குழம்பு மறுநாளைக்குத்தான் ருசி என்பதால், அடுத்த நாள் காலைக்கும் கறி ஆயிற்று.

கரண்ட் பில், பயணச் செலவு?

இரண்டு மாத பில்லில் 500 யூனிட் என்ற எல்லையை மட்டும் மனதில் வையுங்கள். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளும் கூடிய விலைக்கு மாறிவிடும். ஐந்து யூனிட் அதிகம் ஓடியதற்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கூடியிருக்கிறதே என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. மாத நடுவில் ஒரு தடவை மீட்டரை எட்டிப் பாருங்கள். குளிக்க வெந்நீருக்குத் தென்னங்கொதும்பும் சிரட்டையும் இருக்கும்போது ஹீட்டர் எதற்கு?

குழித்துறை, இரணியலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் ரயில் சீசன் டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். பைக்கில் போனால் பெட்ரோல் கணக்கு ஒரு பக்கம், அந்த ரோட்டில் முதுகுவலி கணக்கு மறுபக்கம்.

சிட்டி (ஏலச்சீட்டு) போடலாமா?

போடலாம், யார் நடத்துகிறார் என்பதைப் பொறுத்து. சிட்டி நம் ஊர்க்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை.

அது எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொண்டு போடுங்கள். 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000, மொத்தம் 1 லட்சம். அவசரம் உள்ள ஒருவர் 30,000 தள்ளி 70,000-க்கு எடுக்கிறார். அந்த 30,000-ல் நடத்துபவர் கமிஷன் 5,000 போக மீதி 25,000-ஐ 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,250. ஆக முதலில் எடுத்தவர் கடன் வாங்கியிருக்கிறார், கடைசியில் எடுப்பவர் வட்டிக்கு விட்டிருக்கிறார். நீங்கள் இதில் எந்த ஆள் என்று தெரியாமல் சேரக் கூடாது. பணம் சேர்க்கத்தான் சேர்கிறோம் என்று சொல்லிவிட்டு மூன்றாம் மாதமே தள்ளி எடுப்பவர்கள்தான் அதிகம்.

1982-ன் சிட் நிதிச் சட்டப்படி சிட்டியைப் பதிவு செய்துதான் நடத்த வேண்டும். நடத்துபவர் கமிஷன் 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவு எண் கேளுங்கள். "என்ன மக்களே, என்னையே நம்பல்லியா?" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நான் வராமல் உட்கார்ந்திருந்தேன். தூரத்துச் சொந்தம், தினமும் வணக்கம் சொல்லும் மனுஷன். பதினாலு மாதத் தவணை போயிற்று. இப்போதும் கல்யாண வீடுகளில் பார்க்கிறோம், அவர்தான் முதலில் நலம் விசாரிப்பார்.

நகைக்கடைச் சீட்டும் அந்த வகைதான். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. கடை மூடினால் சீட்டுக்கு அது கிடையாது. வங்கியைவிட இரண்டு மடங்கு வட்டி தருகிறோம் என்று போர்டு வைக்கும் பைனான்ஸ்களுக்கும் கிடையாது.

பொன்னாக வாங்கி வைத்தால் பாதுகாப்புதானே?

பொன்னின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நகையின் மேல்தான். 10 பவுன் நகைக்கு 12 சதவீதம் செய்கூலி சேதாரம் என்றால் 1.2 பவுன் கடையிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஜி.எஸ்.டி. விற்கப் போகும்போது இந்த இரண்டும் திரும்பி வராது. போட்டு அழகு பார்க்க வாங்கினால் அந்தச் செலவு சரி. சேமிப்பு என்று வாங்கினால் தங்க நாணயமாக வாங்குங்கள், ஹால்மார்க் பார்த்து. நகையில் ஹெச்.யு.ஐ.டி. என்னும் ஆறு இலக்கத் தனி அடையாளக் குறியீடு 2023 ஏப்ரலிலிருந்து கட்டாயம்.

இனி எல்லாரும் கேட்க நினைத்துக் கேட்காமல் விடும் விஷயம். இத்தனை பவுன், இத்தனை ரொக்கம், ஒரு கார் என்று பேசி முடிக்கும் கல்யாணம். வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961 சட்டப்படி குற்றம் என்பது படித்தவர்கள் நிறைந்த நம் மாவட்டத்தில் யாருக்கும் தெரியாதது இல்லை. இருபது வருடம் வெந்நீருக்குக் கொதும்பு எரித்துச் சேர்த்ததை ஒரு மதிய வேளையில் தூக்கிக் கொடுக்கிறோம். இதை வைத்துக்கொண்டு சிக்கனம் பேசுவதில் எனக்கே சில நாள் வெட்கமாக இருக்கும். என்னிடம் இருக்கும் ஒரே யோசனை: அந்தத் தொகையில் பாதியை மகள் பெயரிலேயே டெபாசிட்டாக, அல்லது அவள் படிப்பாகப் போட்டுவிடுங்கள். பெண் பார்க்க வருவதற்கு முன்னாலேயே போட்டுவிட்டால் பேரம் பேச அது மேஜையில் இருக்காது.

கடன் இருக்கும்போது சேமிக்கலாமா?

நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். 50,000 வாங்கினால் மாதம் 1,500 வட்டி மட்டும். ஆர்.டி. தருவது 7-க்கும் கீழே. ஆகவே முதலில் கடன். எல்லாவற்றிலும் வட்டி கூடியதை முதலில் அடையுங்கள். நகை கையில் இருந்தால் அதை வங்கியில் வைத்துக் கைமாற்றுக் கடனை முடிப்பது தவறில்லை. மீட்டர் வட்டிக்காரர் வாசலில் வந்து சத்தம் போட்டால் பயப்பட வேண்டாம்; கந்துவட்டிக்கு எதிராக 2003-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது.

2021-ல் கூட்டுறவு நகைக்கடன் 5 பவுன் வரை தள்ளுபடி ஆனதைப் பார்த்துவிட்டு, அடுத்ததும் வரும் என்று வட்டி கட்டாமல் இருப்பவர்களைப் பார்க்கிறேன். அது லாட்டரி வாங்குவது மாதிரிதான். தமிழ்நாட்டில் லாட்டரி நிறுத்தியாயிற்று.

கல்ஃப் பணம் வருகிறது, நிற்கவில்லை.

அனுப்புகிறவரும் செலவு செய்கிறவரும் ஒரே நோட்டைப் பார்ப்பதில்லை என்பதுதான் காரணம். அவர் அங்கே எட்டுப் பேரோடு ஒரே அறையில் படுக்கிறார். இங்கே அவர் அனுப்பிய பணத்தில் நாலு படுக்கையறை கட்டுகிறோம். முழுச் சம்பளத்தையும் வீட்டுக் கணக்குக்கு அனுப்பாமல், ஒரு பகுதியை என்.ஆர்.இ. டெபாசிட்டில் (வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வங்கியில் போடுவது) அவரே நிறுத்திக்கொள்ளட்டும். அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. திரும்பி வரும் வருடத்தை இருவரும் சேர்ந்து இப்போதே முடிவு செய்யுங்கள்.

திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் எல்லாம் போய்விடுமே?

போகும். அதனால்தான் ஆண்டு வருமானம் 1,20,000-க்குக் கீழே உள்ளவர்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இன்றைக்கே எடுத்து வையுங்கள். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் பார்க்கக் கூடிய நோய்க்குத் திருவனந்தபுரத்துக்குக் கார் பிடிப்பது நம் பழக்கம். முதலில் இங்கே காட்டிவிட்டுப் போகலாம். மூன்று மாத வீட்டுச் செலவு வங்கியில் தனியாக இருந்தால், நகையோடு அடகுக் கடைக்கு ஓடும் அந்த ராத்திரி ஒன்றாவது குறையும்.

எல்லாம் சரி, ஊரில் என்ன சொல்வார்கள்?

சொல்வார்கள். என் மகள் கல்யாணத்துக்கு 400 பேர் போதும் என்றேன். சம்மந்தி, "சாரே, எங்க பக்கத்துல இருந்தே எண்ணூறு வருமே" என்றார். "அண்ணாச்சி, வரட்டும். பாதிச் சாப்பாட்டுச் செலவை நீங்க பாருங்க" என்றேன். மறுநாள் போன் வந்தது. எண்ணூறு முந்நூறு ஆகியிருந்தது. என் அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. இரண்டு மாதம் பேசவில்லை. அப்புறம் அவள் பேரன் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க என்னைத்தான் கூப்பிட்டாள்.

மொய்க்கும் கொடை விழாவுக்கும் பெருநாளுக்கும் வருடத்துக்கு ஒரு தொகையை ஜனவரியிலேயே ஒதுக்கிவிடுங்கள். அது தீர்ந்த பிறகு வரும் கல்யாணத்துக்கு மொய் சின்னதாக இருக்கும். நேரில் போய்ப் பந்தியில் விளம்பிக் கொடுத்தால் யாரும் கவரை ஞாபகம் வைப்பதில்லை.

சாரே, நீங்கள் செய்ததில் பெரிய தவறு எது?

மேல்மாடி. 2009-ல் கட்டினேன். இரண்டு அறை, முன்னால் பால்கனி, சாலையைப் பார்த்துக் கண்ணாடி ஜன்னல். பிள்ளைகள் இருவரும் வெளியூர் போய்விடுவார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் பக்கத்து வீட்டில் மாடி வந்துவிட்டது. அந்தக் கடன்தான் மேலே சொன்ன 2011 நோட்டின் கடைசிப் பக்கம். தீர ஒன்பது வருடம் ஆயிற்று. முட்டுவலி வந்த பிறகு மாதத்துக்கு ஒரு தடவை ஏறிப் பெருக்குவதே பெரும்பாடு. இந்த வருடம் நல்லமிளகு காய்ப்பு பரவாயில்லை. பாய் விரித்து மேல் அறையில்தான் உலர்த்தியிருக்கிறோம். கண்ணாடி ஜன்னல் வழியாக வெயில் நன்றாக வருகிறது.